வருங்கால இணையத்துக்கு ஒரு டெஸ்ட்பெட்: கொங்குப் பகுதியில் நாமே கட்டுவது எப்படி

டெஸ்ட்பெட், அதாவது புதிய வலையமைப்பு முறைகளை முயன்று பார்க்கும் சோதனைக்களம், கட்டப் போகிறோம் என்று முடிவானதும் பல கல்லூரிகளில் முதலில் எழுதப்படுவது கொட்டேஷன் கேட்கும் கடிதம். ரேக் வருகிறது, சுவிட்ச் வருகிறது, ஏ.சி. வருகிறது. எதைச் சோதிக்கப் போகிறோம் என்பது மட்டும் கடைசிவரை வருவதில்லை. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த ரேக்கின் மேல் ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கியிருக்கும்.

இறுதியாண்டு மாணவர்கள், ஆய்வு மாணவர்கள், ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி ஆசையை விடாதவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். லினக்ஸ் டெர்மினல் பழக்கமும், ஐ.பி. முகவரி, ரௌட்டிங் பற்றிய அடிப்படை அறிவும் இருந்தால் போதும். அமெரிக்க, ஐரோப்பிய லேப்களைப் பார்த்துச் சின்னதாக நகல் எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களிடம் இல்லாத சில விஷயங்கள் கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே கொட்டிக் கிடக்கின்றன: தறி ஓடத் தொடங்கியதும் இறங்கும் வோல்டேஜ், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, திம்பம் மலைப்பாதை. இந்தக் கோளாறுகளையும் பாக்கெட்டுகளோடு சேர்த்துப் பதிவு செய்யும் டெஸ்ட்பெட்தான் நாம் கட்ட வேண்டியது.

முன்னால் கட்டியவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இன்றைய இணையமே ஒரு சோதனை வலையமைப்பாகத்தான் பிறந்தது. 1969 அக்டோபர் 29 அன்று அர்பாநெட்டில் முதல் செய்தி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு கணுக்கள் (வலையில் இணைந்த இயந்திரங்கள்). 1983 ஜனவரி 1 அன்று அந்த வலையமைப்பு மொத்தமும் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது. அன்று மாற முடிந்தது. இன்று உலகத்தையே ஒரே நாளில் இன்னொரு நெறிமுறைக்கு மாறச் சொல்ல முடியாது. ஐ.பி.வி6 முதல் வரையறை 1990களிலேயே வந்தும் ஐ.பி.வி4 இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புதியதை முயன்று பார்க்கத் தனி இடம் தேவைப்படுவது அதனால்தான்.

2002இல் தொடங்கிய பிளானட்லேப் ஒரு வழி காட்டியது. ஒரு பல்கலைக்கழகம் குறைந்தது இரண்டு இயந்திரங்களைக் கொடுத்தால், உலகெங்கும் உள்ள மற்ற இயந்திரங்களில் அதற்கும் ஒரு பங்கு கிடைக்கும். ஆயிரம் கணுக்களுக்கு மேல் வளர்ந்து 2020இல் மூடப்பட்டது. ஒரே இயந்திரத்தில் பலர் வேலை செய்ததால், இன்று வந்த முடிவு நாளை வராது என்பது அதன் பலவீனம். யூட்டா பல்கலைக்கழகத்தின் எமுலேப் வேறு வழியில் போனது: இயந்திரத்தை முழுதாக உங்களிடம் தந்துவிடும், கட்டுப்பாட்டு வலையமைப்பைத் தனியே வைத்திருக்கும். பிறகு வந்த ஜெனி, ஐரோப்பாவின் ஃபயர், இப்போதைய ஃபேப்ரிக் எல்லாம் இந்த இரண்டு யோசனைகளையும் கலந்தவையே. நம் நாட்டிலும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து, 220 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 5ஜி டெஸ்ட்பெட் ஒன்றை அமைத்தன. 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது.

நமக்கு அவ்வளவு பணம் தேவையில்லை. பிளானட்லேபிடமிருந்து பகிர்வு, எமுலேபிடமிருந்து தனிக் கட்டுப்பாட்டு வலை, இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"வருங்கால இணையத்தை ஆராய்தல்" என்பது கேள்வி அல்ல. "விட்டுவிட்டு பாக்கெட் தொலையும் ஐந்து கிலோமீட்டர் வைஃபை இணைப்பில், கியூபிக்கைவிட பி.பி.ஆர். சீராக ஓடுமா?" என்பது கேள்வி (இரண்டும் டி.சி.பி. தன் வேகத்தை முடிவு செய்யும் முறைகள்). "ஒரு கிராமத்துப் பள்ளியில் நாற்பது பேர் ஒரே வீடியோவைப் பார்க்கும்போது, பெயரை வைத்துத் தரவைத் தேடும் என்.டி.என். முறை வெளி இணைப்பின் சுமையை எவ்வளவு குறைக்கும்?" என்பதும் கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம், ஆசனூர் வழியாகத் தாளவாடி போகும் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள்; காட்டுக்குள் சிக்னல் வரும், போகும். அந்தப் பாதையில் ஓடும் பேருந்தில் ஒரு சிறு கணினியை வைத்து, தகவலைச் சேமித்துத் தூக்கிப் போய் அடுத்த ஊரில் இறக்கினால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும்? தாமதம் தாங்கும் வலையமைப்பு என்ற துறை இதைத்தான் பேசுகிறது. அதன் பண்டில் நெறிமுறையின் ஏழாம் பதிப்பு 2022இல் ஆர்.எஃப்.சி. 9171 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. விண்கலங்களை மனதில் வைத்து வளர்ந்த நெறிமுறை திம்பத்துக்கும் பொருந்தும்.

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் எழுத வேண்டும்: எந்த எண் வந்தால் "இல்லை, என் ஊகம் தவறு" என்று ஒப்புக்கொள்வீர்கள்? அந்த எண் இல்லையென்றால் பொருள் எதையும் வாங்கப் போகாதீர்கள்.

படி 2: முதலில் ஒரு லேப்டாப்புக்குள்

லினக்ஸ் கெர்னலில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரே கணினிக்குள் பத்து ரௌட்டர்களைத் தனித்தனி ரௌட்டிங் அட்டவணையோடு உருவாக்கி, மெய்நிகர் கம்பியால் இணைக்கலாம். 2010இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த மினிநெட் இதைத்தான் பைத்தானில் எளிதாக்கித் தருகிறது. ரௌட்டிங் நெறிமுறைகளுக்கு எஃப்.ஆர்.ஆர்., என்.டி.என்.னுக்கு மினி-என்.டி.என்., கண்டெய்னர் பழக்கம் இருந்தால் கண்டெய்னர்லேப். எதற்கும் காசில்லை.

எச்சரிக்கை ஒன்று. இந்த ரௌட்டர்கள் எல்லாம் ஒரே சி.பி.யு.வைப் பங்கு போடுகின்றன. சி.பி.யு. திணறும்போது வரும் தாமதத்தை நெறிமுறையின் தாமதம் என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சோதனை ஓடும்போது பக்கத்து ஜன்னலில் சி.பி.யு. பயன்பாட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஏதாவது ஒரு கோர் நூறு சதவீதத்தைத் தொட்டால் இணைப்பு வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். பாதி கேள்விகளுக்கு இந்தப் படியிலேயே விடை கிடைத்துவிடும். கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

படி 3: முகவரித் திட்டம்

இதற்கு ஒரு மாலை நேரம் போதும். கட்டுப்பாட்டு வலைக்கு 10.0.0.0/8இலிருந்து ஒரு துண்டு. சோதனைப் போக்குவரத்துக்கு 198.18.0.0/15, கருவிகளை அளந்து பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி அது. வலையமைப்புகள் தமக்குள் பாதைகளைப் பரிமாறும் பி.ஜி.பி. சோதனைக்கு 64512 முதல் 65534 வரையுள்ள, தனிப் பயன்பாட்டுக்கான ஏ.எஸ். (வலையமைப்பு அடையாள) எண்கள். ஐ.பி.வி6க்கு யு.எல்.ஏ. என்ற உள்வலை முகவரி. ஊர்ப் பெயரையே கணுவுக்கு வையுங்கள்: பல்லடம்-1, பெருந்துறை-2. கோளாறு வந்து நடுராத்திரியில் பதிவைப் புரட்டும்போது "நோட்07" என்ற பெயர் ஒன்றும் சொல்லாது.

படி 4: கோளாறை வேண்டுமென்றே உண்டாக்குதல்

டெஸ்ட்பெட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. லினக்ஸில் டி.சி. என்ற கட்டளையின் கீழ் நெட்எம் என்ற கருவி வருகிறது. "100 மில்லிவிநாடி தாமதம், 1 சதவீத இழப்பு" என்று சொன்னால் அப்படியே செய்யும். செய்வது போலக் காட்டி ஏமாற்றவும் செய்யும்.

முதலாவதாக, நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டுமே தொடும். அதனால் அனுப்பும் இயந்திரத்துக்கும் பெறும் இயந்திரத்துக்கும் நடுவே இரண்டு போர்ட் கொண்ட மூன்றாவது இயந்திரம் ஒன்றை வைத்து, அதன் இரு பக்கமும் பாதிப் பாதித் தாமதம் கொடுங்கள். அனுப்பும் இயந்திரத்திலேயே நெட்எம் வைத்தால், அது அந்த இயந்திரத்தின் டி.சி.பி. வரிசை மேலாண்மையோடு மோதி முடிவைக் கெடுக்கும்.

அடுத்தது வரிசையின் அளவு. நெட்எம் இயல்பாக 1000 பாக்கெட்டுகளைத்தான் பிடித்து வைக்கும். 100 மெகாபிட் வேகத்தில் 100 மில்லிவிநாடி தாமதம் என்றால், எந்த நொடியிலும் 1.25 மெகாபைட், அதாவது 1500 பைட் பாக்கெட்டுகள் சுமார் 833, வழியில் இருக்கும். இது கொள்ளும். அதே தாமதத்தில் 1 கிகாபிட்டுக்குப் போனால் 8,333 பாக்கெட்டுகள். ஆயிரத்துக்கு மேல் வந்ததெல்லாம் சத்தமில்லாமல் தொலையும். நெறிமுறை மோசம் என்று கட்டுரை எழுதிவிடுவீர்கள். உண்மையில் மோசம் உங்கள் வரிசை. கணக்குப் போட்டு, அதைப் போல இரண்டு மடங்கு வரம்பு கொடுங்கள்.

நெட்வொர்க் கார்டின் ஆஃப்லோடு வசதியையும் (பாக்கெட்டுகளைப் பிரிக்கும், சேர்க்கும் வேலையைக் கார்டிடம் விடுவது) அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் பல பாக்கெட்டுகள் சேர்ந்து 64 கிலோபைட் வரையுள்ள ஒரே மூட்டையாக நெட்எம்முக்கு வரும். "ஒரு பாக்கெட் இழப்பு" என்று நீங்கள் நினைப்பது ஒரு மூட்டையே தொலைவதாகிவிடும். பாக்கெட்டுகளைப் பதியும் டி.சி.பி.டம்ப் கருவியின் பதிவில் 1500 பைட்டுக்கு மேல் பாக்கெட் தெரிந்தால் ஆஃப்லோடு இன்னும் அணையவில்லை என்று அர்த்தம்.

தாமதத்தில் ஏற்ற இறக்கம் சேர்த்தால் பாக்கெட்டுகள் வரிசை மாறிப் போகும்; அதை டி.சி.பி. இழப்பு என்று எண்ணிக்கொள்ளக்கூடும். உங்கள் இணைப்பில் நிஜமாகவே வரிசை மாறுகிறதா என்று பார்த்துவிட்டு அதைச் சேருங்கள். இழப்பும் அப்படித்தான். நிஜ வாழ்க்கையில் பாக்கெட்டுகள் சீராக நூற்றுக்கு ஒன்றாகத் தொலைவதில்லை. நன்றாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று கொத்தாகத் தொலையும். நெட்எம்மில் கில்பர்ட்-எலியட் மாதிரி இருப்பது அதற்காகத்தான். பல்லடத்தில் நிஜமாக அளந்த இழப்பை வைத்து அந்த மாதிரியின் எண்களைப் பொருத்துங்கள்; பல்லடத்துக் கோளாறைக் கோவையில் உட்கார்ந்து நூறு முறை திரும்ப வரவழைக்கலாம்.

படி 5: இயந்திரங்களும் கரண்டும்

புதிது வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிடும் தின் கிளையண்ட், மினி பி.சி.க்களில் இரண்டு ஈதர்நெட் போர்ட் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கோவையில் உக்கடம் பக்கம் பழைய பொருள் தேடுபவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். ராஸ்ப்பெரி பை எடுத்தால் நான்காம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. 3இல் ஈதர்நெட், யு.எஸ்.பி. வழியாகப் போவதால் முழுக் கிகாபிட் வராது. விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலைகள்) பிரிக்கவும் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) செய்யவும் ஒரு மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும். பழைய வீட்டு ரௌட்டர்களில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரண்டு கம்பி: ஒன்று கட்டுப்பாட்டுக்கு, ஒன்று சோதனைக்கு. சோதனையில் ரௌட்டிங்கைக் குலைத்தாலும் கட்டுப்பாட்டுக் கம்பி வழியாக உள்ளே போக முடிய வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால், மொட்டை மாடியில் இருக்கும் பெட்டியை ரீபூட் செய்யப் பெருந்துறைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

தறிக்கூடத்துப் பக்கம் பெட்டி வைக்க இடம் கேட்கப் போனால் தறிக்காரர் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்.

"ஏனுங்க தம்பி, இது கரண்டு பில்ல ஏத்திப்புடுமுங்களா?"

"இல்லீங்கண்ணா. அஞ்சு வாட்டுதானுங்க. ரெண்டு மாசத்துக்குச் சேத்தே ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல வருமுங்க."

"அப்பச் சரிங்க. ஆனா தறி ஓடறப்ப லைட்டே மங்குமுங்க, உங்க பொட்டி தாங்குமுங்களா?"

அவர் கேட்ட இரண்டாவது கேள்விதான் நம் ஆராய்ச்சி. வோல்டேஜ் இறங்கி ஏறும்போது சிறிய சுவிட்ச் ஒன்று அணைந்து மீளும். மீண்ட பிறகும் ஸ்பானிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கிடையே சுழல் பாதையைத் தடுக்கும் நெறிமுறை) பழைய முறையில் ஓடினால் போர்ட் திறக்க 30 விநாடி பிடிக்கும். கரண்டுப் பதிவு கையில் இல்லாதவர், "என் நெறிமுறை மீள அரை நிமிடம் ஆகிறது" என்று முடிவு கட்டுவார். அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு இ.எஸ்.பி.32 மைக்ரோகன்ட்ரோலர் பலகை, ஒரு ஏ.சி. வோல்டேஜ் சென்சார் வைத்து, விநாடிக்கு ஒரு முறையாவது வோல்டேஜைப் பதியுங்கள். பலகைக்குப் பவர் பேங்க். கரண்டு போன நேரத்தில் பதிவும் போய்விட்டால் வைத்ததே வீண்.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி இழுக்காதீர்கள். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி விழுந்தால் அந்தக் கம்பி வழியாக இரு பக்கமும் போர்ட் எரிந்து போகும். ஃபைபரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். எர்த் குழி காய்ந்து கிடக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

படி 6: ஊருக்கு ஊர் இணைத்தல்

முதலில் இணையத்துக்குள்ளேயே ஒரு சுரங்க வழி (டனல்). 2020இல் லினக்ஸ் 5.6 கெர்னலோடு சேர்ந்த வயர்கார்டு இதற்குப் போதும். வீட்டு பிராட்பேண்டில் உங்கள் ரௌட்டருக்கு 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி வந்தால் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடும் சி.ஜி.நாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. பொது முகவரி உள்ள சிறு வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வையுங்கள், ஐ.பி.வி6 இரு பக்கமும் கிடைத்தால் நேராகவே இணைக்கலாம். வயர்கார்டின் எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) இயல்பாக 1420 பைட்; அதை மறந்து 1500 பைட் சோதனை ஓட்டினால் பாக்கெட் துண்டாகும்.

வயர்லெஸ் இணைப்பு வேண்டுமென்றால் உரிமம் தேவையில்லாத 2.4, 5 கிகாஹெர்ட்ஸ், குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும் லோராவுக்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ், இவற்றுக்குள்ளேயே, அனுமதித்த சக்தி வரம்புக்குள் நில்லுங்கள். சொந்த 4ஜி, 5ஜி செல் ஓட்டிப் பார்க்க ஆசையிருந்தால் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வைத்த கேபிள் வழியாக மட்டும். உரிமம் இல்லாமல் காற்றில் விடக்கூடாது.

பொள்ளாச்சிப் பக்கம் ஐந்து கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு போடுவதாக வைத்துக்கொள்வோம். மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. நடுவழியில் முதல் ஃப்ரெனல் மண்டலத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி ரேடியோ அலை பரவிச் செல்லும் இடம்) ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் வேண்டும். அதாவது தென்னை உச்சிக்கு மேலே இன்னும் ஐந்து மீட்டர் இடைவெளி. நெட்டைத் தென்னை 20 மீட்டருக்கு மேலும் வளரும். கோபுரத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் மட்டை ஆடும்போது சிக்னலும் ஆடும். வணிக நிறுவனத்துக்கு அது தலைவலி. நமக்கு அதுதான் தரவு. ஒரு அனிமோமீட்டரும் வைத்துக் காற்றின் வேகத்தைப் பதிந்தால் ஒரு ஆய்வுக் கட்டுரைக்கான பொருள் தேறும்.

ஐந்து கிலோமீட்டர் போய் வர ஒளிக்கே 33 மைக்ரோவிநாடி ஆகும். வைஃபை ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரம் இதற்குப் போதாவிட்டால் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஓபன்டபிள்யூஆர்டியில் தூரத்தைக் குறிப்பிட இடம் இருக்கிறது, நிரப்புங்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமக் கண் பரிசோதனை மையங்களோடு தொலைதூர வைஃபையால் இணைத்த பெர்க்லி ஆய்வாளர்கள் நெறிமுறையையே இதற்காக மாற்ற வேண்டியிருந்தது. வலையமைப்பை உயிரோடு வைத்திருப்பதில் தரமற்ற மின்சாரமே பெரும் சிக்கல் என்றும் அவர்கள் எழுதினார்கள்.

படி 7: கடிகாரம்

ராஸ்ப்பெரி பை 4 வரை பேட்டரியோடு ஓடும் கடிகாரம் உள்ளே கிடையாது. 5இல் வசதி உண்டு, பேட்டரியை நாம் மாட்ட வேண்டும். கரண்டு போய் வந்ததும், இணையம் கிடைக்கும்வரை அது கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். பதிவைத் திறந்தால் 2.35க்கு அடுத்த வரியில் 2.17 என்று இருக்கும். டி.எஸ்.3231 கடிகார மாட்யூல் ஒன்றை ஒவ்வொரு பலகையிலும் மாட்டுங்கள். நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி மென்பொருளை எல்லாக் கணுக்களிலும் போட்டு, ஒரே சர்வரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வழித் தாமதம் அளக்கப் போகிறீர்கள் என்றால் இரு முனைக் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்தே பதியுங்கள். அது அளவைவிடப் பெரிதாக இருந்தால் போய் வரும் நேரத்தை மட்டும் அளங்கள்.

படி 8: ஓட்டுதல்

கையால் கட்டளை தட்டுவதை இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரே ஸ்கிரிப்ட் முதலில் கெர்னல் பதிப்பு, நெட்எம் அமைப்பு, ஆஃப்லோடு நிலை, வோல்டேஜ் ஆகியவற்றை எழுத வேண்டும். பிறகு பிங்கை ஓட்டி, கொடுத்த தாமதம் நிஜமாகவே இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே சோதனை.

கியூபிக்கைக் காலையில் முப்பது முறை, பி.பி.ஆரை மாலையில் முப்பது முறை ஓட்டி ஒப்பிடக்கூடாது. மாலையில் தறி ஷிப்ட் மாறியிருக்கும், காற்று மாறியிருக்கும், பக்கத்து வீட்டு வைஃபையில் சீரியல் ஓடும். ஒன்று விட்டு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சராசரியை மட்டும் சொல்லாமல் நடு மதிப்பையும், மோசமான ஐந்து சதவீதம் எங்கே விழுகிறது என்பதையும் சொல்லுங்கள். வோல்டேஜ் இறங்கிய ஓட்டங்களைத் தூக்கி எறியாதீர்கள். தனி நிறத்தில் வரையுங்கள்.

படி 9: மற்றவர்களுக்குத் திறந்துவிடுதல்

இரண்டு கல்லூரிகள், ஒரு தறிக்கூடம், ஒரு தோட்டத்து வீடு சேர்ந்துவிட்டால் பிளானட்லேப் விதியைக் கொண்டுவாருங்கள்: இரண்டு இயந்திரம் கொடுப்பவருக்கு எல்லா இயந்திரத்திலும் நேரம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவருக்கு முழு இயந்திரம். பாதிப் பாதி கிடையாது. முன்பதிவுக்குப் பொதுவான ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒவ்வொரு சோதனைக்கும் தனி விலான் எண். 4094 வரை இருக்கிறது, தீராது.

தறிக்கூடத்துப் பெட்டி அந்த வீட்டு இணையத்தில் போகும் எதையும் பார்க்கக்கூடாது. அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பேருந்தில் பெட்டி வைப்பதானால் போக்குவரத்துக் கழகத்தின் அனுமதி முதலில். திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பகல் நடைகளை மட்டும் கணக்கில் எடுத்து, அட்டவணைப்படி வந்த நேரத்தையும் நிஜமாக வந்த நேரத்தையும் இரண்டு பத்திகளில் பதியுங்கள். முன்பதிவு நேரம் முடிந்ததும் இயந்திரம் தானாகவே அடிப்படை இமேஜுக்குத் திரும்ப வேண்டும். முந்தையவர் விட்டுப்போன ஒரு நெட்எம் விதி அடுத்தவரின் ஒரு மாத உழைப்பைக் கெடுக்கும்.